ஒலிபெருக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

கடந்த பருவ விடுமுறையில் நாங்கள் பதினொரு பேர் உலு லங்காட் பக்கம் ஓர் ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். மூன்று கார்கள், இரண்டு புளூடூத் ஒலிபெருக்கிகள், ஐஸ் பெட்டி நிறைய பானங்கள், மசாலா தடவிய கோழி, அதை வாட்டக் கரி மூட்டை. ஆற்றின் நடுவில் ஒரு பெரிய பாறை. ஒலிபெருக்கிகளை அதன்மேல் வைத்தோம். எங்களுக்கு முன்பே அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க் குடும்பம், மூன்றாவது பாட்டு முடிவதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. போகும்போது அந்தத் தாய் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனார். அவர்கள் ஏன் போனார்கள் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. இடம் தாராளமாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டோம்.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். கரையோரக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் கைகளை ஆட்டிக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தார். அவர் வாய் அசைவது தெரிந்தது; என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. யாரோ பாட்டை நிறுத்திய பிறகுதான் இரண்டு சத்தங்கள் காதில் விழுந்தன. ஒன்று, "ஏறுங்க, மேல ஏறுங்க" என்று மலாயில் அவர் கத்தியது. இன்னொன்று, மேலேயிருந்து வந்த ஆற்றின் சத்தம். லாரி ஒன்று மேட்டில் ஏறுவதுபோல ஓர் உறுமல். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்துகொண்டிருந்தன. நாங்கள் கரை ஏறிய சில நிமிடங்களில் அந்தப் பெரிய பாறை தண்ணீருக்குள் மறைந்தது. ஓர் ஒலிபெருக்கியும் கோழியும் போயின. ஆட்கள் யாரும் போகவில்லை.

மலாயில் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நீங்கள் குளிக்கும் இடத்தில் ஒரு சொட்டு மழைகூட இருக்காது. மேலே மலையில் கொட்டிய மழை, குறுகிய பள்ளத்தாக்கில் ஒன்றாகத் திரண்டு ஒரே அலையாக இறங்கும். அது வருவதற்கு முன் ஆறு சில அடையாளங்களைக் காட்டும்: தெளிந்த நீர் கலங்கும், குப்பைகூளம் மிதந்து வரும், நீர்மட்டம் மெல்ல உயரும், ஆற்றின் சத்தம் மாறும். நான்கில் ஒன்று காதால் மட்டுமே அறிய வேண்டியது. எங்கள் காதுகளை நாங்களே அடைத்து வைத்திருந்தோம்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் இந்நேரம், "குப்பை போடாதே, சத்தம் போடாதே என்று இன்னொரு கட்டுரையா?" என்று பக்கத்தைத் திருப்பப் பார்ப்பீர்கள். நியாயம்தான். குப்பை போடக்கூடாது என்று தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. முதலாம் ஆண்டில் ஒட்டிய சுவரொட்டிப் போட்டியிலிருந்து எஸ்.பி.எம். கட்டுரை வரை அதைத்தான் எழுதி வந்திருக்கிறோம். எழுதிய அதே கைதான் ஆற்றங்கரையில் நெகிழிப் பையை விட்டுவிட்டு வருகிறது. ஆக, குறை நம் அறிவில் இல்லை. காட்டை நாம் என்னவாகப் பார்க்கிறோம் என்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பேரங்காடியில் இடம் பிடிப்பதுபோலக் காட்டிலும் ஓர் இடம் பிடிக்கிறோம். ஏர்கோன் இல்லாத, கட்டணம் இல்லாத இன்னோர் இடம். அங்கே என்ன இருக்கிறது, அது எப்படி அங்கே வந்தது, நாளைக்கும் இருக்குமா என்று கேட்பதில்லை.

கேட்டுப் பார்க்க நல்ல இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. கிள்ளானில் கொமியூட்டர் ஏறினால் பிரிக்பீல்ட்ஸ் வாசலான கேஎல் சென்ட்ரலைத் தாண்டி, ரயில் மாறாமலே கெப்போங் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து கிராப் பிடித்தால் சிறிது நேரத்தில் மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் வனப்பூங்கா. எல்லாரும் 'ஃப்ரிம்' என்றே சொல்கிறோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. முலு, கினாபாலு, மலாக்காவும் ஜோர்ஜ்டவுனும், லெங்கோங், நியா ஆகியவற்றுக்குப் பிறகு நம் நாட்டுக்குக் கிடைத்த ஆறாவது தகுதி அது.

அறிவிப்பு வந்த அன்று எங்கள் புலனக் குழுவில் பலரும் அந்தச் செய்தியைப் பகிர்ந்தார்கள். "நம்ம ஃப்ரிம்மா? நாம எத்தனை தடவை போயிருக்கோம்!" என்று ஒருவர் எழுதினார். ஏன் அந்தத் தகுதி என்று கேட்டபோது, "பழைய காடு இல்லையா, அதனால" என்றார் இன்னொருவர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பழைய காடே இல்லை அது. நூறு வருடங்களுக்கு முன் அந்த நிலத்தின் பெரும் பகுதி ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலம். ஈயச் சுரங்கம் விட்டுப்போகும் மணலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேல்மண் கழுவிப் போயிருக்கும், சத்து இருக்காது, வெயிலில் கொதிக்கும். சுற்றிலும் காய்கறித் தோட்டங்களும் புதர்களும். 1920களில் ஃபோக்ஸ்வொர்தி என்ற அமெரிக்க வனவியலாளர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். வன ஆய்வு நிலையம் 1929இல் அங்கே அமைந்தது. நாற்று நாற்றாக மழைக்காட்டு மரங்களை நட்டார்கள். இன்று நாம் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கும் மரங்களில் பல, யாரோ ஒருவர் குனிந்து கையால் நட்டவை. 500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட வெட்டவெளி, காடாகி நிற்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது. அழித்த காட்டை மீண்டும் எழுப்ப முடியும் என்பதற்கு உலகுக்கே காட்டத்தக்க சான்று என்பதால்தான் யுனெஸ்கோ அதை ஏற்றுக்கொண்டது.

அங்கே ஒரு வகை மரம் உண்டு. கீழே நின்று மேலே பார்த்தால், ஒவ்வொரு மரத்தின் உச்சியும் பக்கத்து மரத்தைத் தொடாமல் ஒரு சாண், இரு சாண் இடைவெளி விட்டு நிற்கும். நடுவே வானம் ஒளிக்கோடுகளாகத் தெரியும், வறண்ட வயலின் வெடிப்புபோல. உலகம் முழுவதும் பகிரப்படும் படம் அது. மர உச்சிகளின் கூச்சம் என்று அறிவியலில் இதற்குப் பெயர். காற்றில் கிளைகள் உரசிக் கொழுந்துகள் முறிவதால் இடைவெளி விழுகிறது என்பது ஒரு விளக்கம். நம் நாட்டு வன ஆய்வாளர் பிரான்சிஸ் இங் 1977இல் இதே மர வகையை ஆராய்ந்து, உரசியதற்கான தடயம் இல்லை என்றார். பக்கத்து இலைகளை நெருங்கும்போது குறையும் வெளிச்சத்தை உணர்ந்து கொழுந்து வளர்வதை நிறுத்திக்கொள்கிறது என்பது அவர் தந்த விளக்கம். இதிலிருந்து 'மரங்கள் நமக்குச் சொல்லும் பாடம்' என்று நான் எழுதப் போவதில்லை. பயப்பட வேண்டாம்.

நான் சொல்ல வந்தது அந்த மரத்தின் பெயரை. மலாயில் 'கப்பூர்'. நம் கற்பூரம் என்ற சொல்லுக்கு உறவான சொல்தான் அது. சர்க்கரைப் பொங்கலில் பாட்டி ஒரு சிட்டிகை போடுவாரே, அந்தப் பச்சைக் கற்பூரம் முதலில் வந்தது இந்த மரத்தின் உள்ளிருந்து. (இன்று கடையில் வாங்குவது பெரும்பாலும் ஆலையில் செய்தது.) இதற்காகவே நம்மவர்கள் கடல் கடந்து வந்திருக்கிறார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகம் கற்பூரத்துக்குப் பேர்போனது. அங்கே 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது. தோட்டங்களில் பால்மரம் வெட்ட நம் முன்னோர்கள் கப்பலேறுவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் காடுகளின் வாசம் தேடித் தமிழர்கள் வந்துவிட்டார்கள். நமக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம், அது மலாய்க்காரர்களுக்கும் மலையேறும் சீனப் பெரியவர்களுக்கும் உரிய பொழுதுபோக்கு என்று நம் வீடுகளில் சொல்பவர்கள் உண்டு. அவர்களிடம் இந்தக் கல்வெட்டைச் சொல்லிப் பாருங்கள்.

அந்தக் கப்பூர் மரங்களின் கீழே ஒரு சனிக்கிழமை காலை நின்றுகொண்டிருந்தேன். பத்தடி தள்ளி ஒரு குழு, எங்கள் வயதுதான், அடிமரத்தில் சாவியால் எதையோ கீறிக்கொண்டிருந்தது. பெயர்களும் நடுவே இதயமும். திட்ட வாய் வரவில்லை. ஆறு மாதங்களுக்கு முன் நான் ஆற்று நடுவில் ஒலிபெருக்கி வைத்தவர்களில் ஒரு ஆள்.

மரம் கீறுவது கண்ணுக்குத் தெரியும் குற்றம். தெரியாதவைதான் அதிகம். மழை பெய்த மறுநாள் நடைபாதையில் சேறு இருக்கும். காலணி அழுக்காகாமல் இருக்கச் சேற்றைச் சுற்றி ஓரமாக நடக்கிறோம். நமக்குப் பின்னால் வருபவர்கள் அதற்கும் ஓரமாக. ஒரு முழம் இருந்த பாதை சில மாதங்களில் மாட்டுவண்டிப் பாதை அகலத்துக்கு வந்துவிடும். மழைக்காட்டு மண்ணின் சத்து பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கிறது. மரங்களின் உறிஞ்சு வேர்களும் அங்கேதான். மிதிபட்டு இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது. மேலோடு ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகும். புதிய கன்றும் முளைக்காது. அதனால் மலை நடைக்குப் போகிறவர்களுக்கு முதல் விதியாக நான் சொல்வது கொஞ்சம் விநோதமாக இருக்கும்: சேற்றில் இறங்கி நடங்கள். துவைத்தால் போகக்கூடிய காலணியைப் போட்டுக்கொண்டு வாருங்கள். புதிதாக வாங்கிய வெள்ளைக் காலணி படத்துக்கு மட்டுமே நல்லது.

அடுத்தது குரங்கு. பத்துமலைப் படிகளில் வாழைப்பழம் நீட்டிப் பழகிய கை, காட்டுக்குள் போனாலும் சும்மா இருப்பதில்லை. 'பாவம், பசிக்குது' என்கிறோம். பசித்தால் தேடிச் சாப்பிடக் காடு முழுக்க அதற்கு உணவிருக்கிறது. பழத்தைத் தின்று வேறோர் இடத்தில் விதையைப் போடுவது அதன் வேலை. மிக்ஸரும் ரொட்டியும் கொடுத்தால் அந்த வேலையை விட்டுவிட்டு வாகன நிறுத்துமிடத்துக்கு வந்துவிடும். மனிதனைக் கண்டால் பயம் போய்விடும். பையைப் பிடுங்கும், பிள்ளையைக் கடிக்கும். உடனே புகார். புகார் வந்தால் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள், கொல்லப்படுவதும் உண்டு. கருணையோடு நீட்டிய ரொட்டித்துண்டு கடைசியில் அந்தக் குரங்கைத்தான் தண்டிக்கிறது. எங்கு பார்த்தாலும் இருக்கிறதே என்று நினைக்கும் இந்த நீள்வால் குரங்கை, அழியும் ஆபத்தில் உள்ள இனமாக 2022இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டது என்றால் நம்புவீர்களா?

மிச்சச் சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'சோறு மக்கிப் போகும், நெகிழியைத்தான் எடுக்கணும்' என்பது எங்கள் குழுவிலும் நடந்த வாதம். மக்குவதற்குள் எலி வந்துவிடும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்துதான் எலிக்காய்ச்சல் பரவுகிறது. காலில் சிராய்ப்போடு நாளை அதே இடத்தில் குளிக்க வரும் யாரோ ஒரு பிள்ளைக்கு நாம் விட்டு வரும் நாசி லெமாக் பொட்டலம் அது.

இவையெல்லாம் காட்டுக்கு நாம் செய்யும் கேடு. நமக்கு நாமே செய்துகொள்வதும் உண்டு. 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மேல் மண்சரிந்ததை நாம் மறந்திருக்க முடியாது. பள்ளி விடுமுறைக் காலம். கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட அங்கிருந்த 92 பேரில் 31 பேர் இறந்தார்கள். பிள்ளைகளும் அதில் அடக்கம். அந்த இடத்துக்கு முகாம் நடத்துவதற்கான உரிமம் இல்லை என்று அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர். போனவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. உரிமம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கூடாரம் அடிக்கும் பழக்கம் அப்போது யாருக்கு இருந்தது? ஆனால் இப்போது நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. படவரியில் அழகாகத் தெரியும் முகாம் தளம் ஒன்றை முன்பதிவு செய்யும் முன், உரிமம் உண்டா, பின்னால் இருப்பது வெட்டிய மலைச்சரிவா, தொடர்ந்து மழை பெய்திருக்கிறதா, இரவில் ஏதாவது நடந்தால் வெளியேறும் பாதை எது என்று நான்கு கேள்வி கேட்பது ஒன்றும் கோழைத்தனம் இல்லை. நன்றாக நடத்துபவர் நான்குக்கும் பதில் வைத்திருப்பார்.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். நண்பர்களோடு நான் அதிகம் சண்டை போடுவது இதில்தான். நிரந்தர வனக் காப்பகங்களில் நுழைவுக்கு மூடப்பட்ட பகுதிக்குள் அனுமதி இல்லாமல் போவது சட்டப்படி குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். "காட்டுல நடக்குறதுக்கு எதுக்குடா பெர்மிட்? மரம் வெட்டவா போறோம்?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஒரு மலையை மூடிவிடுவது அதிகாரிகளுக்குச் சுலபம். பாதையைச் செப்பனிட்டு, வழிகாட்டிப் பலகை வைத்து, விண்ணப்பத்தை ஒரு மாணவன் ஐந்து நிமிடத்தில் நிரப்பும்படி செய்வது கடினம். சுலபமானதையே எப்போதும் செய்தால் இளைஞர்கள் பின்வாசல் வழியாகத்தான் போவார்கள். இதை நான் எழுத்திலும் சொல்லத் தயார்.

ஆனால் அனுமதி என்பது வெறும் முத்திரை அல்ல. கிள்ளான் கேட்ஸ் அணைக்கு மேலே நிற்கும் புக்கிட் தாபூரை எடுத்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் பாறை முகடு, இருபுறமும் செங்குத்தான சரிவு, கீழே நீலமாக நீர்த்தேக்கம். அந்த ஒரு படத்துக்காக இருட்டிலேயே ஏறி, வழுக்கி விழுந்து உயிர்விட்டவர்கள் உண்டு. உங்கள் பெயர், எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள் என்ற மூன்று விவரங்கள் எங்காவது எழுதப்பட்டிருந்தால்தான், நீங்கள் திரும்பாதபோது யாராவது தேடத் தொடங்குவார்கள். பொய் சொல்லிவிட்டு மலையேறியவரை அவருடைய அம்மா கூடத் தவறான இடத்தில்தான் தேடுவார். தீயணைப்பு மீட்புத் துறையினர் இருட்டில் உங்களைச் சுமந்து இறங்கும்போது அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, "இத்தனை வம்பு எதற்கு, போகாமலே இருந்துவிடலாம்" என்று யாராவது முடிவு செய்தால் இந்தக் கட்டுரை தோற்றுவிட்டது என்று பொருள். போகாமல் இருப்பதைத்தான் நான் பெரிய பொறுப்பின்மை என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோனோரயிலில் சில நிறுத்தங்கள் தள்ளி புக்கிட் நானாஸ் இருக்கிறது. கோபுரங்களுக்கு நடுவே ஒரு துண்டுக் காடு. 1906லேயே காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது 10 ஹெக்டேருக்கும் குறைவு. சட்டம் காக்கும் காடும் சுருங்கத்தான் செய்கிறது. எதிர்மாறான கதையும் உண்டு. கோத்தா டாமன்சாராவில் சுமார் 320 ஹெக்டேர் காடு, வீடமைப்புத் திட்டங்களுக்கு நடுவிலும் தப்பி, 2010இல் நிரந்தர வனக் காப்பகமாக அரசிதழில் இடம்பெற்றது. அந்தக் காட்டில் அன்றாடம் நடந்தவர்கள், பக்கத்தில் குடியிருந்தவர்கள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டதன் பலன் அது. நடந்து பழகிய இடத்தைத்தான் மனிதர்கள் விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள்.

கிள்ளான்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது கோல லங்காட் வடக்கு வனக் காப்பகம். 2020 பிப்ரவரியில் அதில் ஏறக்குறைய 930 ஹெக்டேரைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கும் திட்டம் அறிவிப்பாக வந்தது. கிட்டத்தட்ட முழுக் காடும். அது சாதாரணக் காடு இல்லை. அரைகுறையாக மக்கிய இலைதழை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீரில் ஊறிச் சேர்ந்த கரிமண் சதுப்புக்காடு. அதைச் சுற்றித் தெமுவான் பூர்வக்குடி மக்களின் கிராமங்கள். அந்த மண்ணிலிருந்து நீரை வடித்துவிட்டால் என்ன ஆகும் என்று கிள்ளானில் வளர்ந்த யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஜொகான் செத்தியாவில் வறட்சி வந்தால் நிலத்துக்கு அடியில் நெருப்பு புகைந்துகொண்டே இருக்கும். பள்ளியில் முகக்கவரி போட்டுக்கொண்டு உட்கார்ந்த நாள்கள் நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

சிலாங்கூரில் ஒரு காப்பகக் காட்டை நீக்கும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பூர்வக்குடி மக்களும் சுற்றுச்சூழல் இயக்கங்களும் ஆயிரக்கணக்கான தனிமனிதர்களும் ஆட்சேபம் எழுதினார்கள். அப்படியும் 2021 ஆகஸ்டு இறுதியில், காட்டின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி நீக்கப்பட்டுவிட்டது என்று தெரியவந்தது. கூச்சல் இன்னும் பெரிதாக எழுந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி, அந்த முடிவை மாநில அரசு ரத்து செய்வதாக மந்திரி பெசார் அறிவித்தார். அடுத்த ஆண்டு தேசிய வனச் சட்டமே திருத்தப்பட்டு, பொது விசாரணை இல்லாமல் காப்பகத்தை நீக்கக்கூடாது என்றானது.

அந்த ஆட்சேபக் கடிதங்களில் நம்முடையவை எத்தனை இருந்திருக்கும்? எனக்குத் தெரிந்த வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. 2020இல் நான் இடைநிலைப் பள்ளி மாணவன், அறியாத வயது என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் அண்ணன் அக்காமார்களும் எழுதவில்லை. அந்தக் காட்டை அவர்கள் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றுக்காக யார் கடிதம் எழுதுவார்?

ஆகவே நம் மாணவர் அமைப்புகளுக்கு ஒரு விண்ணப்பம். நாம் நடத்தும் 'மலையேறும் நிகழ்ச்சி' எப்படி இருக்கிறது? நூறு பேர், ஒரே நிற டி-சட்டை, பதாகை, உச்சியில் குழுப்படம், ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு, கீழே இறங்கிப் பிரியாணி. மறுநாள் யாரிடமாவது வழியில் பார்த்த ஒரு மரத்தின் பெயரைக் கேளுங்கள். அதை விட்டுவிட்டு, பதினைந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் போகலாம். ஒவ்வொரு குழுவுக்கும் பாதை தெரிந்த ஒருவர், முதலுதவிப் பை வைத்திருக்கும் ஒருவர். வனவியலோ உயிரியலோ படிக்கும் மாணவர் நம்மிடையே இருக்கிறார்; அவரைப் பேசச் சொல்லலாம். மரம் நடும் விழாவுக்கு ஆகும் செலவில் பாதியை, நட்ட கன்றுக்கு ஒரு வருடம் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒதுக்கலாம். மரம் நட்டுவிட்டுப் போனவர்களால் அல்ல, நட்டதைப் பல்லாண்டுகள் பார்த்துக்கொண்டவர்களால்தான் ஃப்ரிம் காடானது.

தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒன்று. ஆண்டிறுதிச் சுற்றுலா என்றால் நீர்விளையாட்டுப் பூங்கா என்பதை ஒரே ஒரு வருடம் மாற்றிப் பாருங்கள். புக்கிட் நானாஸுக்குப் பேருந்து வாடகைகூட அதிகம் ஆகாது. பிள்ளைகள் முதல் அரை மணி நேரம் "போர் அடிக்குது டீச்சர்" என்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் கழித்து எறும்பு வரிசையின் பின்னால் குனிந்து போய்க்கொண்டிருப்பார்கள்.

பெற்றோருக்கும் சொல்ல வேண்டும், தயக்கத்தோடுதான். எங்கள் வீட்டில் பாட்டிக்குக் காடு என்றால் பாம்பு, அட்டை, பேய். தோட்டத்தில் வளர்ந்தவர், விடிவதற்கு முன் இருட்டில் மரம் வெட்டப் போனவர். அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. நான் ஃப்ரிம்முக்கு அவரை அழைத்துப் போனபோது கப்பூர் மரத்தடியில் நின்று பட்டையைத் தொட்டுப் பார்த்தார். கீழே கிடந்த ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். "வாசமாத்தான் இருக்கு" என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. திரும்பும் வழியில் ரயிலில், தோட்டத்தில் பால்மரங்களுக்கு அப்பால் இருந்த காட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் அதுவரை கேட்டிராத கதைகள். கிள்ளான் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

வரும் சனிக்கிழமை நாங்கள் மறுபடியும் போகிறோம். பதினொரு பேரில் ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல், மழைக்கோட்டு, குப்பைக்கு ஒரு பை, பழைய காலணி. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வரப்போகாத நால்வரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆற்றோடு போகாமல் தப்பிய அந்த இரண்டாவது ஒலிபெருக்கியின் சொந்தக்காரனும் வருகிறான். "பாட்டு இல்லாம மூணு மணி நேரம் சும்மாவாடா நடக்குறது?" என்று நேற்றிரவு குழுவில் கேட்டிருந்தான். இன்னும் யாரும் பதில் போடவில்லை.